இரண்டு விரல் கொடுத்துக் காத்த வீடு

வடசேரிச் சந்தையில் சேனைக்கிழங்குக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கொட்டாரம் ஊர்க்காரர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "ஓவர்சியரே, எஞ்சினீயர் பிள்ளை காலம்பற போயிட்டாரு, கேட்டீரா?" என்றார். கிழங்கை அங்கேயே போட்டுவிட்டு வண்டி பிடித்தேன். எழுபதைத் தாண்டியவர், நிறைவாக வாழ்ந்தவர். ஆனாலும் வழியெல்லாம் எனக்குத் துக்கத்தைவிடப் பயமே முன்னால் நின்றது. அந்த வீட்டு வாசலில் இன்று யார் அரிவாளோடு நிற்கிறார்களோ என்ற பயம். அவரை அறிந்தவர்களுக்கு இது புரியும், அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

பூதலிங்கம் பிள்ளை மராமத்து இலாகாவில் எஞ்சினீயராக இருந்தபோது நான் அவர் கீழ் ஓவர்சியர். ஒரு வறட்சி வருஷம், பூதப்பாண்டிக்கு மேலே கால்வாயில் அங்குள்ள வயல்காரர்கள் தென்னந்தடிகளைப் போட்டுத் தண்ணீரை மறித்துவிட்டார்கள். தண்ணீர் ஏறி, கரை கசியத் தொடங்கியது. இவர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தானே இறங்கித் தடிகளை உருவினார். கரையில் நின்ற ஒருவன் மண்வெட்டிக் காம்பால் அவர் மண்டையில் ஓங்கிப் போட்டான். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. ரத்தம் கண்ணில் வழிய, கடைசித் தடியையும் உருவிய பிறகுதான் மேலே வந்தார். நான் பதறினேன். "மண்டை ஒட்டிக்கிடும் வே. கரை போனா கொட்டாரம் வரைக்கும் பட்டினி" என்றார். அடித்தவன் பெயரை அவர் ரிப்போர்ட்டில் எழுதவே இல்லை. அவன் வயலும் காய்ந்துதான் கிடந்தது.

இப்படிப்பட்ட முரட்டு மனிதர் வீட்டுக்குப் போனால் மகள்களுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவார். வகிடு ஒரு நூல் கோணினாலும் அவிழ்த்துவிட்டு மறுபடி எடுப்பார். 'பெண்டாட்டிதாசன்' என்று ஆபீசில் நாங்கள் கேலி செய்வோம். "ஆமா வே, அதுக்குத்தான் சம்பளம் வாங்குகேன்" என்பார். அந்தச் சம்பளத்தில்தான் மனைவி பகவதியம்மாளுக்கும் பிள்ளைகளுக்குமாகக் கொட்டாரத்தில் வீடு கட்டினார்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மருமக்கள் வழியில் ஒருவன் செத்தால் வீடும் வயலும் அவன் அக்காள் தங்கை பிள்ளைகளுக்கு. கட்டியவளும் பெற்ற பிள்ளைகளும் கையில் திணிப்பதை வாங்கிக்கொண்டு படியிறங்க வேண்டும். அப்போது சட்டம் மாறியிருக்கவில்லை. இவர் துணிந்து வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு ஆதாரப் பத்திரம் எழுதிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் அங்கே சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அவருடைய தமக்கை மகன் மாதேவனும் அவன் தம்பியும் அரிவாளோடு வந்தார்கள்.

"எங்க சொத்த எவளுக்கு எழுதிக் குடுத்தீரு மாமா?"

"என் சம்பளத்துல கெட்டினது மக்கா. நான் பெத்ததுக்கு எழுதினேன்."

மாதேவன் அவரிடம் வரவில்லை. நிலைப்படியில் நின்ற பகவதியம்மாளை நோக்கி வீசினான். குறுக்கே போனது இவர் வலக்கை. இரண்டு விரல்கள் படியில் விழுந்தன. அம்மாள் உள்ளே ஓடி, கொதித்துக்கொண்டிருந்த கஞ்சியைப் பானையோடு எடுத்து வந்து மாதேவன் முகத்தில் கொட்டினாள். நான் உட்கார்ந்திருந்த பலகையால் தம்பிக்காரனை அடித்தேன். அவன் தோள்பட்டை இறங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் ஒரு அடியோடு நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் கைக்கட்டோடு கிடந்தவரிடம் புத்தி சொல்லப் போனேன். "எழுதாமலே விட்டிருக்கலாம். எங்க மாமா செத்தப்போ மாமியும் பிள்ளையளும் ஒரு வார்த்தை பேசாம எறங்கிப் போகல்லியா?" என்றேன். மருமகன் என்ற உரிமையில் எனக்கு வந்த அந்த வீட்டில்தான் பதினோரு வருஷமாக நான் குடியிருந்தேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து, இடக்கையால் என் கன்னத்தில் அறைந்தார். காது அடைத்துவிட்டது.

"பேசாம போனாளா? எங்க போனாண்ணு நீரு கேட்டீரா வே?"

நான் கேட்டதில்லை. மறுவாரம் விசாரித்துக்கொண்டு போனேன். பூதப்பாண்டியில் யார் வீட்டு முற்றத்திலோ மாமி கூலிக்கு நெல் குத்திக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுச் சாவியை நீட்டினேன். அவள் மகன் என் சட்டையைப் பிடித்து இழுத்து வாயில் குத்தினான். பல் ஒன்று போயிற்று. நான் கையைத் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன யோக்கியதை? மாமி உலக்கையைச் சாத்தி வைத்துவிட்டு, "போரும்லே. சாவிய வாங்கு" என்றாள். நான் வடசேரியில் வாடகைக்கு வந்தேன். எனக்குப் பிறகு தன் பிள்ளைகளுக்கு வர வேண்டிய வீட்டைக் கொடுத்துவிட்டேன் என்று என் தமக்கை இன்றுவரை என் முகத்தில் விழிப்பதில்லை.

பிறகு, கட்டியவளுக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் சொத்தில் உரிமை உண்டு என்று சட்டம் வந்தது. மாதேவன் ஆத்திரம் அதற்கெல்லாம் அடங்கவில்லை. "கிழவன் மண்டையப் போடட்டும், அண்ணைக்கு அவள எறக்குகேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அந்த நாள்தான் இப்போது வந்திருந்தது. எரித்துவிட்டு நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது, பாதி முகம் வெந்த தழும்போடு அவனும் நாலு பேரும் வாசலில் நின்றார்கள். பகவதியம்மாள் நிலைப்படியில் நின்றாள்.

"வந்தியா மக்கா? எல்லாம் முடிஞ்சு. போ."

அவன் படியில் கால் வைத்தான். பிள்ளைகள் முன்னால் பாய்ந்தார்கள். அதற்குள் என் கைக்கம்பு அவன் முழங்காலில் இறங்கிவிட்டது. இந்த வயதிலும் எலும்பு முறிகிற சத்தம் எனக்கு அடையாளம் தெரிகிறது. கூட வந்த நாலு பேரும் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கேஸ் வரும். வரட்டும்.

அம்மாள் யாரையும் பார்க்காமல் கதவைச் சாத்தினாள். நான் எத்தனையோ சாவு வீடுகளில் பெண்களை வெளியே விட்டுக் கதவு சாத்தப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை நானே சாத்தியிருக்கிறேன். புருஷனை எரித்த நாளில் ஒருத்தி உள்ளே நின்று தாழ் போட்ட சத்தத்தை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். பூதலிங்கம் பிள்ளையிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவை அந்தச் சத்தமும் கன்னத்தில் வாங்கிய ஓர் அறையும். இரண்டையும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.