சுவர் எழும்பாத முற்றம்

எங்கள் அய்யா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அய்யாவை எங்கள் வீட்டு முற்றத்தில்தான் பார்த்திருப்பீர்கள். மகளாகிய நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தேவிபட்டினத்துக்குத் தெற்கே, பவளக்கல்லும் சங்குச் சுண்ணாம்புமாகப் பாட்டனார் எழுப்பிய வீட்டில் அய்யா பிறந்தார்கள். முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுவர்களில் முகம் தெரியும். தலைவாசலும் கொல்லைவாசலும் நேருக்கு நேர் இருப்பதால், கடற்காற்று முற்றத்தைக் கடந்துதான் போகும். மத்தியானங்களில் பர்மா தேக்குத் தூண்களின் நிழல் நகர நகர, அய்யாவும் பாயை நகர்த்திக்கொண்டே படுத்திருப்பார்கள். கண் திறந்திருக்கும், ஆனால் கூப்பிட்டால் கேட்காது.

ஜமீன் போய், மழையும் பொய்த்த காலத்தில் பாகப்பிரிவினைப் பேச்சு வந்தது. பங்காளிகள் அய்யாவும் சித்தப்பாவும்தான். மற்ற வீடுகளில் செய்ததுபோல முற்றத்தின் நடுவே சுவர் வைக்கலாம் என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். அன்றிலிருந்து அய்யாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மூத்தவர் பங்கு வைக்க, இளையவர் முதலில் எடுப்பது எங்கள் வழக்கம். அறைகள் எல்லாம் ஒரு பங்கு, வெறும் முற்றமும் பின்னாலுள்ள தென்னந்தோப்பும் மறு பங்கு என்று அய்யா வைத்தார்கள். தம்பி அறைகளை எடுப்பார், முற்றம் தம்மிடம் தங்கும், சுவருக்கு வேலை இல்லை என்று நினைப்பு.

சித்தப்பா முற்றத்தைக் காட்டி, "எனக்கு முத்தம் போதும்" என்றார். அய்யா போட்ட கணக்கு அத்தோடு சரி.

சித்தப்பா தோப்பில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டார். அறுவடைதோறும் அய்யா, "தம்பி, ஒன் முத்தத்துல நெல்லு காயப்போடவாப்பா?" என்று கேட்பார்கள்.

"போடுங்கண்ணே. குருவிக்குக் கொஞ்சம் விட்டுட்டு அள்ளுங்க."

எங்கள் கல்யாணங்களும் அப்படி இரவல் வாங்கிய முற்றத்தில்தான் நடந்தன. என்றைக்காவது தம்பி சுவர் வைத்துவிடுவாரோ என்ற பயம் மட்டும் அய்யாவை விடவில்லை. வாய்விட்டுக் கேட்கவும் இல்லை.

கடைசி நாட்களில் கட்டிலை முற்றத்தில் போடச் சொன்னார்கள். "தம்பிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடுங்க."

சித்தப்பா வந்து கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இதயுமாண்ணே கேக்குறிய? நீங்க செவரு வச்சிருவியளோன்னு பயந்துல்ல நான் முத்தத்த எடுத்தேன்."

அய்யா வெகுநேரம் சிரித்தார்கள். "நீ வச்சிருவியோன்னு பயந்துதாண்டா நானும் அப்புடிப் பிரிச்சேன்."

மறுநாள் காற்று உள்ளே வரும் வேளையில், வானத்தைப் பார்த்தபடியே அடங்கினார்கள்.

வைத்தியம் பார்த்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், துக்கத்தில் எங்கள் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி சொல்லி முடியாது.

நினைவுநாள் பந்தியை முற்றத்தில் போடலாமா என்று சித்தப்பாவிடம் கேட்டோம். அவர் அய்யாவின் கட்டில் கிடந்த இடத்தைக் காட்டினார்.

"அண்ணனக் கேட்டுக்கங்க" என்றார்.