மாப்பிள்ளை அயன்களும் பக்கீர் முகைதீனின் அலுமாரியும்

கல்முனைப் பாடசாலையொன்றின் விஞ்ஞான ஆய்கூடத்தில் பக்கீர் முகைதீன் பத்தொன்பது வருடமாக உதவியாளர். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் மூன்று முறை எழுதி மூன்று முறையும் கவிழ்ந்தவர். ஆனாலும் உப்புப் போத்தல்கள் அவர் சொல்லைத்தான் கேட்கும்.

ஒவ்வோர் உப்பும் ஒரு கலியாணம் என்பது அவர் கண்டுபிடிப்பு. இலத்திரனைக் கொடுக்கும் கற்றயன் மாப்பிள்ளை. அதை வாங்கிக்கொள்ளும் அன்னயன் பெண் வீடு. இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறவன் என்பதால் போத்தல்களையும் வீடு பார்த்தே அடுக்கியிருந்தார். குளோரைட்டுகள் ஒரு தட்டு, சல்பேற்றுகள் ஒரு தட்டு.

"ஒரு வித்தியாசம்தான் ரீச்சர்," என்பார் இரசாயனம் படிப்பிக்கும் சித்தி லைலா என்ற ஆசிரியையிடம். "உப்புக்குள்ள மாப்புள குடுத்திட்டு வாறான். நம்மட ஊருல வளவு, வூடு, மோட்டார் சைக்கிள் எல்லாத்தையும் எடுத்திட்டு வாறான்."

கல்சியம் குளோரைட்டில் ஒரு மாப்பிள்ளைக்கு இரண்டு வீடு. மார்க்கத்தில் இடமிருப்பதால் அதை முன்வரிசையில் வைத்தார். சோடியம் காபனேற்றில்தான் வில்லங்கம் வந்தது: ஒரு வீட்டுக்குள் இரண்டு மாப்பிள்ளைகள். மானம் கருதி அந்தப் போத்தலை மட்டும் துடைக்கிற சீலைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

இப்படியிருக்க, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஜெஸீம் சேர் மேற்பார்வைக்கு வருவதாகத் தகவல் வந்தது. ஆய்கூடம் ஒழுங்கில்லை என்று அவர் எழுதினால் பக்கீருக்குப் பொத்துவில் பக்கம் இடமாற்றம் என்று அதிபர் சொல்லிவிட்டார். பக்கீருக்கு றிப்னா, சிபானா என்று இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குச் சீதன வீடு கட்டி முடிந்தது. இளையவளின் வீடு ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. பின்னேரங்களில் மேசனுக்குச் சாந்து குழைத்துக் கொடுப்பது பக்கீர்தான். அவர் போய்விட்டால் சுவரும் அங்கேயே நின்றுவிடும்.

ஜெஸீம் சேர் வந்தார். நேரே அலுமாரியைத் திறந்தார்.

"காபனேற்றுத் தட்டுல சோடியத்தக் காணல்லியே. எங்க?"

ரீச்சர் கூரையைப் பார்த்தார். பக்கீர் சீலைகளுக்குள் கைவிட்டுப் போத்தலை எடுத்துக் கொடுத்தார்.

"என்னத்துக்கு ஒளிச்ச?"

பொய் வாயில் வராததால் பக்கீர் கலியாணக் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். சேரின் முகம் அசையவில்லை.

"காபனேற்றுக்கு ரெண்டு இலத்திரன் வேணும், பக்கீர். சோடியம் ஆளுக்கு ஒண்டுதான் கொண்டு வரும். அப்ப ரெண்டு பேர் வரத்தானே வேணும்?"

பக்கீர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப அது ரெண்டு பொம்புளப் புள்ள இரிக்கிற வூடு சேர். என்ட வூடு மாதிரி."

"ஓம். அப்ப கல்சியம் காபனேற்று? ஒரே மாப்புள, அக்காவையும் தங்கச்சியையும் ஒண்டா முடிச்சிரிக்கான். அது ஹறாம் இல்லியா?"

ரீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கீரின் கண்ணுக்குள் இளையவள் வீட்டின் கதவில்லாத வாசல் வந்து நின்றது.

"ஹறாம்தான் சேர். அதாலதான் அது தண்ணியில கரையிற இல்ல. ஊரு சேர்த்துக்கொள்ளல்ல."

சேர் பேனையை எடுத்துப் பதிவேட்டில் ஆறுதலாக எழுதினார். அவர் போனதும் ரீச்சர் வாசித்துக் காட்டினார்: 'ஆய்கூடம் ஒழுங்காக உள்ளது. ஏனைய பாடசாலைகளின் நலன் கருதி, உதவியாளர் இங்கேயே இருக்கட்டும்.'

பாராட்டா பழிப்பா என்று பக்கீர் கேட்கவில்லை. மணி இரண்டாகியிருந்தது. மேசன் காத்துக்கொண்டிருப்பான்.