டொல்பின் வராத நாள்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கற்பிட்டிக் கடலில் டொல்பின்கள் கூட்டம் கூட்டமாகத் துள்ளுகின்றனவே... அதுதான். வெளிநாட்டுப் பெண் ஒருவர் படகில் இருந்தபடி எடுத்துப் போட்டது. எனக்கு எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று கேட்காதீர்கள். மதுரங்குளியில் இருக்கும் என் மாமியும் அனுப்பினார். "மகள், உங்கட ஊருக்கு டொல்பின் வந்திருக்காம், பாத்தீங்களா?" என் வீட்டு வாசலில் நின்றால் அலைச்சத்தம் கேட்கும். இருந்தாலும் டொல்பின் செய்தி எனக்கு மதுரங்குளியைச் சுற்றிக்கொண்டுதான் வந்து சேர்ந்தது.

எல்லோரும் அந்த வீடியோவில் டொல்பினைப் பார்த்தோம். பக்கத்து வீட்டு ஜெசிந்தா மட்டும் கணவனைப் பார்த்தாள்.

அந்தப் படகை ஓட்டியவர் அவளுடைய கணவர் ஜூட். கடல் கொந்தளிக்காத மாதங்களில் உல்லாசப் பயணிகளை ஏற்றி டொல்பின் காட்டுவார். மற்ற மாதங்களில் அதே படகில் மீன்பிடிப்பார். நேர்மையான மனிதர். டொல்பின் வராவிட்டால் மறுநாள் இலவசமாகக் கூட்டிப்போவது அவருடைய முறை. கரையில் பலகை எழுதியே வைத்திருக்கிறார்.

வீடியோவின் தொடக்கத்தில், டொல்பின்கள் வருவதற்கு முன்பே ஜூட் வந்துவிடுகிறார். முழங்காலளவு தண்ணீரில் நின்று அந்தப் பெண்ணுக்குக் கை நீட்டுகிறார். "ஸ்லோலி, ஸ்லோலி மேடம்!" லைஃப் ஜக்கட்டின் பட்டியைச் சரிபார்க்கிறார். வெயில் படாத பக்கமாக உட்காரவைக்கிறார். தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகித் திறந்து கொடுக்கிறார். அதோடு சிரிக்கிறார். பல் தெரியச் சிரிக்கிறார்!

ஜெசிந்தா போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். அக்கா முறையில் என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"ராத்தா, இந்த மனுசன் ஆர்?"

"ஜூட்தானே?"

"இல்ல. எங்கட வீட்டிலயும் ஒரு ஜூட் இருக்கிறார். சோறு போட்டா 'ம்'. தேத்தண்ணி குடுத்தா 'ம்'. கறியில உப்புக் கூடினா மட்டும் ரெண்டு சொல்லு வரும். இவர் வேற ஆள். ஒருக்காச் சந்திச்சுக் கதைக்க ஆசையாக் கிடக்கு."

நான் வயிறு நோகச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து வீட்டில் ஜூட்டுக்குப் பெயர் 'கெப்டன்'. "கெப்டன், தேத்தண்ணி ரெடி." "கெப்டன், காஸ் முடிஞ்சுபோச்சு." இதைத் தவிர வேறு கதையில்லை. முதல் இரண்டு நாட்கள் ஜூட்டுக்கு அது பகிடியாகத்தான் இருந்தது. பிறகு விளங்கிவிட்டது. வீட்டில் ஏதோ பிழை என்று விளங்கியதும் ஆண்கள் என்ன செய்வார்கள்? கடைக்குப் போவார்கள். ஜூட் புத்தளத்துக்குப் போய் ஒரு எயார் ஃபிரையர் வாங்கிவந்தார். எண்ணெய் இல்லாமல் பொரிக்குமாம்.

மீன்பிடிக்கும் வீட்டில், தேங்காய் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்துச் சாப்பிட்டுப் பழகிய வீட்டில், எண்ணெய் இல்லாமல் பொரிக்கிற மெஷின்! ஜெசிந்தா அதற்குப் பொலித்தீன் உறை போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். இன்னமும் அங்கேதான் இருக்கிறது. போனால் பார்க்கலாம்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். என் கணவர் கற்பிட்டி டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். ஜெசிந்தாவின் கேள்வி மனதில் குடைந்துகொண்டே இருந்ததால், அவரிடம் இல்லாத, தங்கச்சியின் புது நம்பரிலிருந்து கடைக்கு ஒரு அழைப்பு எடுத்து, குரலை மாற்றி "ஹலோ" என்றேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும், சொல்லுங்க ராத்தா, என்ன வேணும்? அவசரமில்ல, ஆறுதலாச் சொல்லுங்க." தேன் ஒழுகும் குரல். கல்யாணம் பேசிய காலத்தில் கேட்டது. அதற்குப் பிறகு அந்தக் குரல் எங்கே போனதென்று நானும் பல தடவை யோசித்திருக்கிறேன். கடையில்தான் இருந்திருக்கிறது!

"நான்தான்" என்றேன்.

"நீயா? என்ன, கெதியாச் சொல்லு. கடைல ஆள் நிக்கிறாங்க."

கோபம் வந்தது. ஆனால் போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் மட்டும் என்னவாம்? பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு முன்பின் தெரியாத ஒருவர் எழுதினால், "அன்புக்குரிய சகோதரிக்கு, உங்கள் மனவேதனை எனக்குப் புரிகிறது" என்று உருகி உருகிப் பதில் எழுதுகிறேன். அதே நேரத்தில் கணவர் வந்து கண்ணாடியைக் கண்டாயா என்று கேட்டால் பாய்ந்து விழுகிறேன். நல்ல வார்த்தைகளை எல்லாம் வெளியாருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் மீதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். இல்லையா?

சரி, ஜூட்டின் கதைக்கு வருவோம். எயார் ஃபிரையர் தோற்றுப்போனதும் அவர் நேரே என்னிடம் வந்தார்.

"ராத்தா, நீங்க பேப்பரில எல்லாருக்கும் புத்தி சொல்லுறீங்க. எனக்கும் ஒண்டு சொல்லுங்க."

நானும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். மனைவியை வெளியே அழைத்துப்போங்கள், நல்ல இடத்தில் சாப்பிடுங்கள், மனம்விட்டுப் பேசுங்கள். எத்தனை தடவை இதை எழுதியிருக்கிறேன்! ஜூட்டும் அப்படியே செய்தார். கடற்கரை ஹோட்டலில் மேசை, மெழுகுவர்த்தி, இறால், எல்லாம் ஏற்பாடு. ஆனால் அது அவர் தினமும் பயணிகளை ஏற்றும் ஹோட்டல். மனேஜர் வந்து கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சீசன் எப்படி, காற்று எப்படி, பெற்றோல் விலை எப்படி... ஜூட் மனம்விட்டுத்தான் பேசினார். மனேஜருடன்.

"நானும் மெழுகுதிரியும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கொண்டிருந்தம், ராத்தா" என்றாள் ஜெசிந்தா.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து ஜூட் மறுபடியும் வந்தார். இந்த முறை முகத்தில் உயிரில்லை. சிலாபத்தில் ஜெசிந்தாவின் அக்கா தையல் கடை நடத்துகிறார். துணைக்கு வா, இங்கேயே தங்கு என்று வருடக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜெசிந்தா இவ்வளவு காலமும் மாட்டேன் என்றுதான் சொல்லிவந்தாள். இப்போது 'ஓம்' சொல்லிவிட்டாளாம். ஞாயிறு பூசை முடிந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு புறப்படுகிறாள். மகளுக்குச் சிலாபத்திலேயே பள்ளிக்கூடமும் பார்த்தாயிற்று.

"திரும்பி வருவாளோ தெரியாது, ராத்தா."

எனக்கும் பயம் வந்தது. இது கோபித்துக்கொண்டு இரண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போகிற கதையில்லை. உடனே அவளிடம் ஓடினேன். உடுப்புகளை மடித்து பேக்கில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு என்னதான் வேணும், ஜெசிந்தா?"

மடிப்பதை நிறுத்தினாள். "ராத்தா, கல்யாணம் முடிச்ச நாளில இருந்து அந்தப் படகைக் கழுவுறன். வலையில சிக்கெடுக்கிறன். ஒருநாள் அதில கால் வச்சிருக்கிறனா? வச்சதில்ல. ஏனெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். தொழில் செய்யும் படகில் வீட்டுப் பெண் ஏறக்கூடாது. ஏறினால் கடல் கொடுக்காது. இந்தக் கரையில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

"அப்ப வெள்ளைக்காரி ஏறலாமா? அவ ஏறினாக் கடல் குடுக்கும், நான் ஏறினாக் குடுக்காதா? அதே படகுதானே! எனக்கு மெஷின் வேணாம், ராத்தா. இறாலும் வேணாம். அந்த வீடியோவில நீட்டின கையை எனக்கும் ஒருக்கா நீட்டச் சொல்லுங்க. கரையில, எல்லாரும் பாக்க."

அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான்.

ஜூட்டிடம் வந்து சொன்னேன். "மற்றாக்கள் என்ன சொல்லுவாங்க, ராத்தா?" என்றார். பதில் அவருக்கே தெரியும். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவளைக் கரைக்கு வரச்சொல்லுங்க என்றார்.

நானும் போனேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வீட்டில் இருக்க முடியுமா? ஜெசிந்தா கறுப்புக் கண்ணாடி, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு அசல் டூரிஸ்ட்டாகவே வந்திருந்தாள். கரையில் மற்றப் படகுக்காரர்கள் எஞ்சின் பூட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் கை வேலை நின்றது.

ஜூட் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெசிந்தா அவருக்கு முன்னால் போய் நின்றாள். அவருடைய கை படகிலேயே இருந்தது. ஒரு தடவை அந்த ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அலை வந்து ஜெசிந்தாவின் காலை நனைத்துவிட்டுப் போனது. அவள் அசையவில்லை. அவ்வளவுதான், இப்படியே திரும்பி நடக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

கை வந்தது.

"ஸ்லோலி, ஸ்லோலி..." என்று தொடங்கியவர் 'மேடம்' வரவேண்டிய இடத்தில் தடுமாறினார். பிறகு சொன்னார்: "ஸ்லோலி, ஜெசி."

"தேங்க்யூ, கெப்டன்" என்று ஏறினாள். பின்னாலேயே நானும் ஏறிக்கொண்டேன்.

படகுப் பயணத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. பாதி நேரம் நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். டொல்பின்? ஒன்றுகூட இல்லை. வடக்கே போனோம், மேற்கே போனோம். மற்றப் படகுகளுக்குப் போன் போட்டும் பார்த்தார். ம்ஹூம். உலகமே பார்த்த அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு வால்கூட எங்களுக்கு எட்டிப்பார்க்கவில்லை.

ஆனால் ஜூட் பேசிக்கொண்டே வந்தார். பயணிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். எந்த இடத்தில் கடல் திடீரென்று ஆழமாகும், எந்த மாதம் எந்தக் காற்று என்றெல்லாம் சொன்னார். ஒரு தடவை எஞ்சின் நின்றுபோய் விடிய விடியத் தனியாக மிதந்த கதையையும் சொன்னார்.

ஜெசிந்தா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். "இது எப்ப?"

"மகள் பிறந்த வருசம்."

"எல்லா வெள்ளைக்காரருக்கும் சொல்லியிருக்கிறீங்க. எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"நீ பயந்துபோவாய் எண்டுதான்..." தண்ணீர்ப் போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து அவளிடம் கொடுத்தார். நான் கடலின் மற்றப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டேன்.

கரைக்கு வந்தபோது எங்களுக்காகவே காத்திருந்ததுபோல ஒரு கூட்டம். அதில் மூத்தவர் சவிரி அண்ணன். அந்தக் கரையில் அவர் சொல்லுக்கு எல்லோரும் கட்டுப்படுவார்கள்.

"என்ன ஜூட், கண்டீங்களா?"

"இல்ல, அண்ணே."

"பின்ன? தொழில் படகில வீட்டுப் பொம்பிளையை ஏத்தினா எங்கால காணுற? கடல் குடுக்காதெண்டு தெரியாதா உனக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவின் முகம் சுருங்கிவிட்டது. ஜூட் இப்போது அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தால் போதும்... சிலாபம் பஸ் உறுதி.

ஜூட் சிரிக்கவில்லை. முதலில் கையை நீட்டி அவளை ஆறுதலாக இறக்கினார். பிறகு பலகையைக் காட்டினார்.

"டொல்பின் காணாட்டி அடுத்த நாள் ஃபிரீ. அதுதானே என்ட முறை, அண்ணே? நாளைக்கும் இவவைக் கூட்டிக்கொண்டு போறன். நாளைக்கும் காணாட்டி நாளையிண்டைக்கும் போவன். ஏலுமெண்டால் நீங்களும் உங்கட வீட்டு அக்காவை ஏத்திக்கொண்டு வாங்க."

சவிரி அண்ணன் தன் படகுப் பக்கம் திரும்பி நடந்தார். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். ஜெசிந்தா அங்கேயே நின்று சிலாபத்து அக்காவுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை வரேல்ல. கோவிக்காதீங்க. எனக்கு நாளைக்கு ஒரு டிரிப் இருக்கு."

இனி வழக்கம்போல உங்களுக்கு நான் புத்தி சொல்ல வேண்டும். செலவு செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எயார் ஃபிரையர் வாங்கப் புறப்படும் முன், கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் குரலில் வீட்டில் ஒரு வசனம் பேசிப்பாருங்கள். அதற்கு வற் வரியும் இல்லை. நான் இந்த வாரம் தொடங்கியிருக்கிறேன். "கண்ணாடி மேசையில இருக்கு, ஆறுதலாப் பாருங்க" என்றேன். உனக்குக் காய்ச்சலா என்று கேட்டார். பழக நாளாகும்போல.

ஜூட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்கிவிடும்போது எல்லோரிடமும் "நெட்ல ஒரு நல்ல ரிவியூ போடுங்க" என்று கேட்பார். அன்று வாய்தவறி ஜெசிந்தாவிடமும் கேட்டுவிட்டாராம். அவளும் போட்டிருக்கிறாள். அங்கிருக்கும் ஆங்கில ரிவியூக்களின் நடுவே தமிழில் ஒன்றே ஒன்று: "டொல்பின் வரவில்லை. கெப்டன் நல்லவர். கையைப் பிடித்து ஏற்றினார், கையைப் பிடித்து இறக்கினார். திரும்பவும் போவேன்."

நாலு ஸ்டார்தான் கொடுத்திருந்தாள். "ஏனடி, அந்த ஒண்டையும் போட்டா என்ன?" என்றேன்.

"அஞ்சாவது வீட்டுக்குள்ள நடக்கிறதைப் பாத்துத்தான், ராத்தா."