துரையின் பிடிமண்

நான் அறிவியல் டீச்சர். செஞ்சியில் பெண்பிள்ளைகளுக்குக் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கியவள். அதனால், செத்துப்போன ஒரு வெள்ளைக்காரனுக்கு நான் சுருட்டு கொளுத்தி வைத்த கதையை இத்தனை வருடமாக வெளியில் சொன்னதில்லை. அந்தச் சுருட்டைக்கூட "வீட்டுக்காரருக்கு" என்று பொய் சொல்லித்தான் வாங்கினேன். அவர் பீடியைக்கூடத் தொடாதவர் என்பது கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

அறுபதுகளின் தொடக்கம். என் மகளுக்கு ஒரு வயது நிரம்பவில்லை. மூன்று நாள் காய்ச்சல் நான்காம் நாள் காலையில் ஜன்னியாகிவிட்டது. கண் மேலே செருகிக்கொண்டது, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, உடனே விழுப்புரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். பஸ்ஸுக்காக வெயிலில் நின்றபோது எங்களுக்குப் பால் ஊற்றும் அம்மா பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"துரைக்கு வேண்டிக்க டீச்சரம்மா. அஞ்சு வயசு முடியற வரைக்கும் வருஷத்துக்கு ஒரு சுருட்டு, ஒரு முட்டைன்னு சொல்லு. நீ வாயத் தொறந்து சொல்லு, மத்ததை அவரு பாத்துக்குவாரு."

சிங்கவரம் போகும் வழியில், மலையடிவாரத்தில் ஒரு புளியமரம். அதன் கீழே பாதி புதைந்த ஒரு கல். அவர்தான் துரை. கும்பினிப் பட்டாளத்தோடு வந்து கோட்டையில் காய்ச்சல் கண்டு செத்துப்போனவராம். காய்ச்சலில் செத்தவருக்குத்தான் காய்ச்சலின் அவஸ்தை தெரியும் என்பது ஊர்க்கணக்கு. முதல் நாள்வரை அதைக் கேட்டுச் சிரித்தவள் நான். அன்று பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் கேட்கச் சத்தமாக வேண்டிக்கொண்டேன். பஸ் பாதி வழி போவதற்குள் குழந்தைக்கு வேர்த்தது. ஊசியா, சுருட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வந்ததும் பால்காரம்மா இன்னொன்றும் சொன்னாள். "நடுவுல மட்டும் முறிய விட்டுடாத. குடுத்ததைத் திருப்பி எடுத்துக்குவாரு." அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்தே மூன்று வருடம் சுருட்டும் முட்டையும் தவறாமல் போயின.

மகளுக்கு நாலரை வயதாகும்போது ஒரு நாள் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மா உட்கார்ந்திருந்தார். "ஸ்காட்லாந்திலேர்ந்து வந்திருக்காங்க. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே, கூட இருந்து உதவி பண்ணுங்க" என்றார் தலைமையாசிரியை.

அந்த அம்மா ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். அவர்கள் குடும்பத்தில் ஒரு தாய்க்கு நாலு பிள்ளைகள். மூன்று பையன்கள் கப்பலேறிப் போனார்கள். ஒருவன் கனடாவுக்கு, ஒருவன் கரும்பு விளையும் ஏதோ தீவுக்கு, கடைசிப் பையன் பட்டாளத்தில் சேர்ந்து இந்தியாவுக்கு. ஊரோடு தங்கிய மகளின் வழியில் வந்தவர் இவர். மாதா கோயில் பதிவேடுகள், கப்பல் பட்டியல்கள், பட்டாளத்துச் சம்பளப் பட்டியல்கள் என்று பத்து வருடமாகத் தேடியிருக்கிறார். முதல் இரண்டு பேரின் கல்லறைகளைக் கண்டுபிடித்தாகிவிட்டது. வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில் பிள்ளைகள் பிறந்ததும் இறந்ததும் எழுதியிருக்குமாம். கடைசிப் பையனுக்கு மட்டும் இறந்த இடம் காலியாகவே இருக்கிறது என்றார்.

"புகையிலையைத் தொடாதே என்று அவன் தாய் எழுதிய கடிதம்கூட எங்களிடம் இருக்கிறது" என்று சிரித்தார். எனக்கு நம் துரை ஞாபகம் வந்தது. ஊரே சேர்ந்து அவருக்குச் சுருட்டாகக் கொளுத்திக்கொண்டிருக்கிறது!

அவனோடு இருந்த சிப்பாய் ஒருவன், செஞ்சிக் கோட்டைக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் புதைத்ததாகவும், கல்லில் தங்கள் ஊர்ப் பூவைச் செதுக்கியதாகவும் வீட்டுக்கு எழுதியிருக்கிறான். அந்த அம்மா பென்சிலால் அந்தப் பூவை வரைந்து காட்டினார். உருண்டைத் தலை, சுற்றிலும் முள், நம் பக்கத்துப் பிரம்மதண்டுச் செடிபோல. வருடா வருடம் நான் முட்டை வைக்கும் கல்லில் இருக்கும் அதே பூ.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்னத் தகரப் பெட்டியை எடுத்தார். "ஒரு கைப்பிடி மண் எடுத்துக்கொண்டு போவேன். அவன் தாயின் கல்லறையில் சேர்க்க வேண்டும். மற்ற இருவரின் மண்ணையும் சேர்த்துவிட்டேன்."

பிடிமண் என்றால் என்ன என்று எனக்கா தெரியாது? எங்கள் குலதெய்வமே அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து பிடிமண்ணாக வந்ததுதான். மண் வந்தது, சாமி வந்தது. பழைய இடத்தில் இப்போது ஆடு மேய்கிறது. இங்கே ரத்த சொந்தமே கடல் தாண்டி வந்து, பெற்றவள் பெயரைச் சொல்லி மண்ணை அள்ளினால் துரை நிற்பாரா? வேண்டுதல் முடிய இன்னும் ஆறு மாதம் இருந்தது. என் பெண்ணை யார் பார்த்துக்கொள்வார்கள்?

நான் ஒன்றும் பெரிதாகத் திட்டம் போடவில்லை. அந்த அம்மாவோடு கிளம்பியபோது கால் தானாக வேறு பக்கம் திரும்பியது. ஊருக்குக் கிழக்கே குளத்தங்கரையில் ஒரு பழைய செங்கல் சூளை மேடு. பக்கத்தில் பேருக்கு ஒரு புளியமரமும் உண்டு. "இதுதான் என்று சொல்வார்கள். கல்லை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்றேன். மாணவிகள் பொய் சொன்னால் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்துகிறவள், கண்ணைச் சிமிட்டாமல் சொன்னேன்.

அந்த அம்மா முட்டி போட்டு உட்கார்ந்தார். வாய்க்குள் ஏதோ ஜெபம் சொன்னார். பிறகு குலுங்கி அழுதார். சூளைச் சாம்பல் கலந்த சிவப்பு மண்ணைப் பெட்டியில் போட்டு மூடி, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

பொய் சொன்னால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது இரண்டாகப் பெருகியது. தேடி வந்த சொந்தத்தைத் திருப்பி அனுப்பியதற்குத் துரை கோபித்துக்கொண்டால்? அடுத்த வாரமே பெண்ணுக்குச் சளியோடு உடம்பு சுட்டது. இரண்டு நாளில் போய்விட்ட சாதாரணச் சளிதான். அந்த இரண்டு நாளும் நான் சோறு தின்னவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கூடவே ஒரு போட்டோ. மழையில் குடை பிடித்துக்கொண்டு பதின்மூன்று பேர் ஒரு கல்லறையைச் சுற்றி நிற்கிறார்கள், ஒரு கைக்குழந்தை உள்பட. "இருநூறு வருடத்துக்குப் பிறகு நான்கு பிள்ளைகளும் தாயிடம் சேர்ந்துவிட்டார்கள். பைபிளில் காலி இடத்தை நிரப்பிவிட்டோம்: செஞ்சி, குளத்தங்கரை. இனி நான் நிம்மதியாகக் கண் மூடலாம்" என்று எழுதியிருந்தார்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மின்சார ஆபீஸ்காரர், கணக்காகப் பேசுவார். "இன்னும் நாலு மாசந்தானே? அஞ்சு வயசு முடியட்டும், அப்புறம் உண்மையை எழுதிக்கலாம்." எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. ஆனால் அந்தக் கிழவி அதுவரை இருப்பாரா? 'கண் மூடலாம்' என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

காலையில் பால் ஊற்ற வந்தவளிடம் போட்டோவைக் காட்டி அழுதுவிட்டேன். அவள் பால் செம்பைக் கீழே வைத்தாள்.

"அடிப்பாவி டீச்சரம்மா! பெத்தவளுக்குப் போவ வேண்டிய மண்ணு. சூள மண்ணையா அள்ளிக் குடுத்த?"

"மண்ணு போனா, எங்க அவலூர்பேட்டை சாமி மாதிரி அவரும் போயிடுவாரேன்னுதான்..."

"ஒரு வெளக்குலேர்ந்து இன்னொண்ணு ஏத்துனா மொத வெளக்கு அணைஞ்சா போவுது? உங்க அவலூர்பேட்ட சாமிய நீங்க யாரும் போயி எட்டிப் பாக்கல, அதான் அங்க ஆடு மேயுது. கொயந்த கையாலயே அள்ளச் சொல்லு. அவரு குடுத்த உசுரு, கோவிச்சுக்க மாட்டாரு."

படித்தவளுக்குப் பால்காரி தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தைரியமும் புளியமரம்வரைக்கும்தான் வந்தது. மகள் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டியபோது, அவளை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. "போதுமாம்மா?" என்று கேட்டாள். பிடி அவள் பிடிதான். பவுடர் டப்பாவில் கொட்டி, துணி வைத்துத் தைத்தேன். நாலு பக்கத்துக்கு உண்மையை எழுதினேன், ஜன்னி முதல் சுருட்டுவரை. போஸ்ட் ஆபீஸில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாரத்தில் எழுதச் சொன்னார்கள். 'மண்' என்று இங்கிலீஷில் எழுதினேன். "இன்னா டீச்சர், மண்ணா?" என்று கிளார்க் இரண்டு தரம் கேட்டார்.

கப்பலில் போகும் பார்சல். அது போய்ச் சேரும்வரை பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வருவேன். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பெண்ணின் நெற்றியில் கை வைப்பேன். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று அவளே சலித்துக்கொள்வாள்.

பதில் வந்தபோது ஐந்து வயது முடியப் பத்து நாள் இருந்தது. உறையைப் பிரிக்காமல் இரண்டு நாள் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். என்னைத் திட்டி எழுதியிருப்பார் என்ற பயம் ஒன்று. அவர் போய்விட்டார் என்று வேறு யாராவது எழுதியிருப்பார்களோ என்ற பயம் இன்னொன்று.

அவர் கையெழுத்துதான், கொஞ்சம் கோணலாகியிருந்தது. மண் வந்து சேர்ந்தது, சேர்த்தாகிவிட்டது, பைபிளில் குளத்தங்கரையை அடித்துப் புளியமரம் என்று எழுதியாகிவிட்டது. இதெல்லாம் இரண்டாவது பக்கத்தில்தான் இருந்தது. முதல் வரியில் அவர் கேட்டிருந்தது வேறு: "மண் எடுத்த பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் ஏதும் வரவில்லையே? அதை முதலில் எழுது."

தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பதில் எழுத உட்கார்ந்தேன்.