கல்தூணில் இரண்டு கோடுகள்

சாந்தோம் பள்ளியில் எங்களோடு விஞ்ஞானம் கற்பித்த வால்டருக்குக் கடல் என்றாலே குலை நடுங்கும். சிறுவயதில் அவன் வீட்டுச் சுவரைப் புயல் கொண்டுபோனது. அதைத் தெரிந்துகொண்டே நாங்கள் அவனைக் கேலி செய்தோம்.

1934 பிப்ரவரியில், விபூதிப் புதனன்று, அடையாறு முகத்துவாரத்துக் கல்தூணில், கடலேற்றம் முழுதாக வந்து நின்றதும் ஒரு கோடு போட்டான். எதற்கும் மாதா கோயில் நாள் பார்க்கிறவன் என்பதால், அடுத்த கோட்டை நவம்பரில் கல்லறைத் திருநாளன்று போட்டான். நீர் ஒன்றேகால் அடி உயர்ந்திருந்தது. எட்டு மாதத்துக்கு இவ்வளவென்றால் மூன்று வருஷத்தில் கரையோர மீனவர் குப்பமே இருக்காது என்று கணக்குப் போட்டான். மனைவி லூயிசா எதிரே வந்து நின்றாலே கண் கலங்கினான்.

நேரே குப்பத்துக்கு ஓடினான். முதல் வரிசைக் குடிசை மீன்காரி முத்தம்மாவுடையது.

"ஐப்பசி, கார்த்திகைல கடலு ஏறத்தான் செய்யும் வாத்தியாரே. அப்பால தானா எறங்கிடும்" என்றாள் அவள்.

"இது கண்ணால பாத்துச் சொல்றதில்ல முத்தம்மா, அளந்து பாத்தது."

நோட்டுப் புத்தகம் அவன் கையில் வெடவெடவென்று ஆடியது. அந்த நடுக்கம்தான் அவளைப் பயமுறுத்தியது. ஒரே வாரத்தில் குடிசையைப் பிரித்துக்கொண்டு பாலவாக்கத்தில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் வால்டர் சாட்சி தேடினான்! தேனாம்பேட்டை அன்வர் பாஷா துறைமுகத்தில் தினமும் நீர்மட்டம் குறிப்பவர். இருபது வருஷப் பதிவேட்டைப் பிரித்து வைத்தார். ஒவ்வொரு பங்குனியிலும் தாழ்வு, ஒவ்வொரு கார்த்திகையிலும் உயர்வு.

"வாடைக் காத்து தண்ணிய கரைக்குத் தள்ளுது சார், மழைத்தண்ணியும் சேந்துக்குது. வருசா வருசம் இப்டித்தான் கீது. போன கார்த்திகையோட இந்தக் கார்த்திகைய வச்சிப் பாருங்க."

பார்த்தான். விரற்கடை வித்தியாசம்கூட இல்லை. நிம்மதியடைய வேண்டியவன் வேர்த்துப் போனான். முத்தம்மாவின் இடத்தில் அதற்குள் வேறொருவன் குடிசை போட்டிருந்தான்.

தனியாகப் போகப் பயந்து என்னையும் பாலவாக்கத்துக்கு இழுத்துப் போனான். காற்று, மழை, பதிவேடு எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான். முத்தம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டபடியே சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"பயந்தது நீ வாத்தியாரே" என்றாள். "ஊட்டப் பிரிச்சது நானு."