இரண்டாவது பெயருக்கு வந்த வரம்

சமயபுரத்தாளை நம்பியவர்களே, கேளுங்கள். என் மகன் காலேஜில் படிக்க வேண்டும் என்பதற்காக என் தம்பி வேறொருத்தி பெற்ற பிள்ளையின் காலை உடைக்கப் போனான். பூண் போட்ட தடியோடு போனான். அந்தச் சாயங்காலம் நான் செத்துப் பிழைத்தேன். வருஷம் தவறாமல் நமக்காகப் பட்டினி கிடக்கிறாளே, அந்த மகமாயி எனக்கு என்ன செய்தாள் என்பதை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்கிறேன்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் வாந்திபேதியில் போனபோது மகன் தங்கவேலு தவழ்கிற குழந்தை. அன்றிலிருந்து எங்களுக்குச் சோறு போட்டவன் என் தம்பி சின்னச்சாமி. மொத்தக் கடைகளில் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு அவன்தான் மேஸ்திரி. வாய் பேசுமுன் அவன் கை பேசிவிடும். என்னைத் தாலியறுத்தவள் என்று சொன்ன ஒருவனைக் கடைத்தெருவில் போட்டு மிதித்துப் பல்லை உதிர்த்துவிட்டு வந்தான். ஆனால் தங்கவேலு சாப்பிட்டானா என்று கேட்காமல் ஒரு நாளும் இலையில் உட்கார்ந்ததில்லை. நான் மட்டும் என்ன, பசுவா? ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

தங்கவேலு பள்ளிக்கூடப் படிப்பை நல்ல மார்க்கோடு முடித்தான். காலேஜுக்குக் கட்டும் சம்பளத்தை நினைத்தாலே எங்களுக்குத் தலை சுற்றும். ஊரில் ஒரு ஜவுளி வியாபாரி தம் தகப்பனார் பேரில் தர்மம் வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு பையன். அவன் படித்து முடிக்கும்வரை காலேஜ் சம்பளம் அவர் பொறுப்பு. உபகாரச் சம்பளம் என்று பெரியவர்கள் சொல்வார்கள், பையன்கள் ஸ்காலர்ஷிப் என்பார்கள். மனுப் போட்டுவிட்டு வைகாசி முழுக்கக் காத்திருந்தோம். அடேயப்பா, அந்தக் காத்திருப்பு! சோறு இறங்கவில்லை. "இன்னுமாடா சொல்லலே அவனுங்க?" என்று சின்னச்சாமி ஒரு நாள் தண்ணீர்ப் பானையை எட்டி உதைத்தான். நான் விறகுக்கட்டையை எடுத்து அவன் முதுகில் ஒன்று போட்டேன். புதுப் பானைக்கு யார் அழுவது?

ஆனி பிறந்ததும் அந்த வியாபாரியின் கடை வாசலில் முடிவை ஒட்டினார்கள். இரண்டு பெயர் இருந்தது. முதல் பெயர் ஸ்ரீரங்கத்துப் பையன் பார்த்தசாரதி. இரண்டாவது என் மகன்.

"ரெண்டு பேருக்கும் உண்டாடா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"இல்லம்மா. ஒருத்தருக்குத்தான். முதல் பேர்க்காரன் குறிச்ச நாளுக்குள்ள காலேஜ்ல சேரலைன்னாதான் ரெண்டாவது பேருக்கு வரும்" என்றான் தங்கவேலு. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். 

சின்னச்சாமி சோற்றில் கையை வைத்தபடி யோசித்தான். "அப்போ அவன் சேரக் கூடாது. அவ்வளவுதானே?" என்றான். வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், தங்கவேலு கடை வேலைக்குப் போயிருந்த நேரம். தம்பி தடிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். எங்கேடா என்றேன்.

"ஸ்ரீரங்கத்துக்கு. அந்த ஐயங்கார் பையன் சாயங்காலம் படித்துறைக்குத் தனியா வர்றான், பார்த்து வச்சிருக்கேன். உசுருக்குச் சேதமில்லேக்கா. ஒரு காலு, அம்புட்டுதான். அவன் எந்திரிச்சு நடக்கிறதுக்குள்ள நாள் தாண்டிடும்."

"அட நாசமாப் போறவனே!" என்று தடியைப் பிடித்தேன். அவன் உதறினான். ஆட்டுக்கல்லில் என் நெற்றி மோதி ரத்தம் கண்ணில் வழிந்தது. நான் விடவில்லை. அவன் மணிக்கட்டைக் கடித்தேன், சதை பிய்கிற மாதிரி கடித்தேன். அலறிக்கொண்டே என்னைத் தள்ளிவிட்டு வெளியே போய்க் கதவைத் தாழ் போட்டான். "உம் புள்ளைக்குத்தான்க்கா செய்யறேன்!" என்று கதவுக்கு அந்தப் பக்கம் அழுதான். அழுதுகொண்டேதான் போனான்.

உலக்கையை எடுத்தேன். கதவை இடித்தேன். கை கொப்புளித்தது. ஒரு வழியாகக் கீல் பெயர்ந்து கதவு விழுந்தது. தலைவிரி கோலமாக ஓடினேன்.

காவேரிப் பாலத்தில் ஓடும்போதுதான் நான் வேண்டினேன். அந்தப் படிப்பு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேண்டும்தான். அவளிடம் எதற்குப் பொய்? வடக்கே சமயபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கத்தினேன்.

"மாரியாத்தா! எம் புள்ளைக்குப் படிப்பு வேணும், நீதான் குடுக்கணும்! ஆனா இன்னொருத்தி புள்ளை காலை வாங்கிட்டுக் குடுத்தேன்னா உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்! ரத்தம்தான் வேணும்னா என்கிட்ட வாங்கிக்க!"

பாலத்தில் போனவர்கள் பைத்தியம் என்று ஒதுங்கினார்கள்.

படித்துறையில் அந்தப் பையன் குனிந்து கால் அலம்பிக்கொண்டிருந்தான். ஒல்லிப் பிள்ளை, என் மகனைப் போலவே விலா எலும்பு தெரிந்தது. பின்னால் தம்பி தடியை ஓங்கிவிட்டான். எப்படிப் பாய்ந்தேன் என்று எனக்கே தெரியாது. பையன் மேல் விழுந்தேன். அடி என் இடது கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் என் காதிலேயே கேட்டது. அம்மாடி, அந்த வலியை எப்படிச் சொல்வேன்! மிச்சமிருந்த கையால் தம்பியின் செவிட்டில் ஒன்று விட்டேன்.

"எதுக்கு அடிக்கறேள்? நான் என்ன பண்ணினேன்?" என்று பையன் நடுங்கினான்.

"எங்கக்கா புள்ளைக்கு வர வேண்டிய காலேஜ் சம்பளத்தைப் பிடுங்கிட்டியேடா!" என்று தம்பி கத்தினான்.

"தங்கவேலுவோட மாமாவா? நான்தான் அது வேண்டாம்னு நேத்தே எழுதிக் குடுத்துட்டேனே! எனக்குச் சர்க்கார் ஸ்காலர்ஷிப் கிடைச்சுடுத்து. ஒருத்தர் ரெண்டு வாங்கப்படாது, அதான் சட்டம். இது இனிமே தங்கவேலுவுக்குத்தான்."

தம்பி கையிலிருந்த தடி தண்ணீரில் விழுந்தது. நான் பாலத்தில் கத்துவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அவள் கொடுத்துவிட்டாள்! ஒருவனுக்கு இரண்டு கிடையாது என்ற சட்டம் எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்?

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. தம்பியைக் கட்டி வைத்து அடித்தார்கள். உதடு கிழிந்தது, ஒரு கண் மூடிப்போனது. கையே ஓங்காமல் வாங்கிக்கொண்டான். பையனின் அம்மா ஓடி வந்தார். "போலீஸைக் கூப்பிடுங்கோ! இவனை விடப்படாது!" என்று கதறினார்.

"கூப்பிடுங்க மாமி. நானே சாட்சி சொல்றேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

நான் குறுக்கே விழுந்து அடியை வாங்கிக்கொண்டதைப் பையன் சொன்னான். அந்த அம்மாள் தொங்கிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தார். பிள்ளையின் காலைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து தம் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கையைக் கட்டினார். என்னைத் தொட்டால் மறுபடி தலைமுழுக வேண்டிய ஆசாரம் அவருடையது. "போலீஸ் வேண்டாம், அவிழ்த்து விடுங்கோ" என்றார். விடுவித்ததும் சின்னச்சாமி அந்தப் பையனின் காலில் விழுந்து எழுந்திருக்கவே இல்லை.

தங்கவேலு சேர்ந்தான். வருஷா வருஷம் பாஸ் பண்ணினால்தான் அந்த தர்மம் தொடரும். ஒரு வருஷமும் தவறவில்லை. இன்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சின்னச்சாமி அதற்குப் பிறகு ஒரு மனிதன் மேல் கை வைத்ததில்லை. சித்திரைத் தேருக்குத் தீச்சட்டி ஏந்துகிறான். மாமி வருஷம் ஒரு புடவை என்னிடம் கொடுத்து அம்மனுக்கு அனுப்புவார். "எங்க பெருமாளுக்குத் தங்கைதானேடி அவ, சீர் குடுக்கப்படாதா?" என்பார்.

நீங்களும் அவளிடம் கேளுங்கள். அழுது கேளுங்கள், சண்டை போட்டும் கேளுங்கள், அவள் கோபிக்க மாட்டாள். அடுத்தவள் பிள்ளையிடமிருந்து பிடுங்கிக் கொடு என்று மட்டும் கேட்காதீர்கள். அவளிடம் எல்லாருக்கும் இருக்கிறது.

என் கையை வைத்தியர் எவ்வளவோ கட்டியும் எலும்பு கோணலாகத்தான் கூடியது. கும்பிட்டால் இரண்டு உள்ளங்கையும் ஒன்று சேராது. அந்தக் கோணல் கும்பிட்டைத்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சந்நிதியில் எத்தனை கூட்டம் இருந்தாலும் அவள் அதை வாங்கிக்கொள்கிறாள்.