யானைக்குச் சுண்ணாம்பு அடித்தது

ஐந்தாம் வகுப்பில் நான் மூன்று நாள் முட்டி போட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டிருந்தால் மூன்று நிமிடத்தில் எழுந்திருக்கலாம். கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அது சரியென்றுதான் படுகிறது. அந்த விஷயத்தில் நான் இன்னும் திருந்தவில்லை.

ஆதிமனிதர்கள் குகையில் படம் வரைந்த பாடத்தை டீச்சர் நடத்திக்கொண்டிருந்தார். அதெல்லாம் வடக்கே எங்கோ வெகுதூரத்தில் இருக்கிறது என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "நம்ம மலையிலயே இருக்குதுங்க டீச்சர். யானை, யானை மேல ஆளு, கையைக் கோத்துட்டு நிக்கற ஆளுக, எல்லாம் இருக்குது" என்றேன். வகுப்பே சிரித்தது. ஆடு மேய்க்கிற யாரோ கிறுக்கியதைப் பார்த்துவிட்டு வந்து புளுகுகிறேன் என்று டீச்சர் முடிவு செய்துவிட்டார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார். "நா பொய் சொல்லலீங்க" என்றேன். முட்டி போட வராந்தாவுக்கு அனுப்பிவிட்டார்.

அந்தப் படங்களை எனக்குக் காட்டியவர் அத்தை, அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் இரண்டே வருடத்தில் திரும்பி வந்து, மதுக்கரையில் எங்களோடு இருந்தார். வீட்டில் யாரும் அவரைத் திட்டமாட்டார்கள். சோறு போடும்போது மட்டும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சுக்குத் தப்பித்து அத்தை விடிந்ததும் தன் ஆடுகளை மலைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

லீவு நாளில் நானும் போவேன். ஆட்டுத்தடம் ஓர் உண்ணிச்செடிப் புதரோடு முடிந்துவிடும். அதற்குள் குனிந்து நுழைந்து, முள் கிழிக்கக் கிழிக்கப் போய், வழுக்குப்பாறையில் கையும் காலும் ஊன்றி ஏறினால், கூரை இறக்கியதுபோல முன்னால் நீண்டிருக்கும் ஒரு பெரிய பாறை வரும். அதன் அடியில் பத்துப் பேர் மழைக்கு ஒதுங்கலாம். சுவரில் வெள்ளை வெள்ளையாக அந்த யானையும் ஆட்களும் இருப்பார்கள். ஆனால் காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் தெரிவார்கள். மற்ற நேரத்தில் அங்கே வெறும் பாறைதான்.

மூன்றாம் நாள் டீச்சருக்கே அலுத்துப்போனது. இப்படிப் பாறை பாறையாகத் தேடி அலைகிற ஒருவர் கோயமுத்தூரில் இருக்கிறார், சனிக்கிழமை மத்தியானம் அவரைக் கூட்டி வருகிறேன், படம் இல்லையென்றால் திங்கட்கிழமை பிரேயரில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். "சரிங்க" என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு.

வீடு வந்து சேர்வதற்குள் தலை குனிந்துவிட்டது. மத்தியானத்தில் யானை தெரியாதே! அழுகை வரும்போலிருந்த நேரத்தில்தான் அந்த அபாரமான யோசனை வந்தது. சுண்ணாம்புக்கல் வெட்டுகிற எங்கள் ஊரில் தண்ணீருக்குப் பஞ்சம் வரலாம், சுண்ணாம்புக்கு வராது. வீடானாலும் கோயில் மதிலானாலும் மங்கிப்போனால் ஒரு கை வெள்ளையடிப்போம். அதுதான் நாங்கள் அதற்குச் செய்யும் மரியாதை. யானைக்கும் செய்துவிட்டால் போயிற்று.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன். அத்தை அன்று ஆடுகளைக் குளத்துப் பக்கம் ஓட்டியிருந்தார். பொங்கலுக்கு அடித்த மிச்சச் சுண்ணாம்பைத் தூக்குப்போசியில் கரைத்து எடுத்துக்கொண்டு, காலை வெயில் இருக்கும்போதே மேலே ஏறினேன். கோட்டைத் தாண்டாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஆளாகப் பூசினேன். யானைக்குத் தந்தம் இல்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு தந்தம் வைத்துவிட்டேன்.

மறுநாள் அத்தை வழிகாட்ட, டீச்சரும் அந்த மனிதரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். பாறை பளிச்சென்று மின்னியது. அவர் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். விரலால் லேசாகத் தொட்டார். விரல் வெள்ளையாகிவிட்டது.

"இது இப்ப அடிச்ச சுண்ணாம்புங்க டீச்சர். அடியில என்ன இருந்துச்சுன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது."

டீச்சர் என்னைப் பார்த்தார். "அடிச்சது நாந்தானுங்க. ஆனா வரஞ்சது நானில்லீங்க. யானை முன்னாலயே இருந்துச்சு" என்றேன். மன்னிப்புக் கேள் என்றார். "மாட்டேனுங்க" என்றேன். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆனாலும் மாட்டேன் என்றுதான் சொன்னேன்.

அத்தை அதுவரை அந்தத் தந்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் பையைத் தோளில் மாட்டியதும், "ஏனுங்க, ஒரு நிமிசம் நில்லுங்க" என்றார் அத்தை. சுவரின் அடியில் அடுக்கியிருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளே ஆள் படுத்துக்கொண்டு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு இருந்தது.

"மல்லாக்கப் படுத்து உள்ள போயிப் பாருங்க. அங்க ஒருத்தி இருக்கறா."

டார்ச்சோடு அவர் உள்ளே போனார். வெகுநேரம் அவருடைய ஷூ மட்டும் வெளியே தெரிந்தது. நானும் டீச்சரும் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே வந்தவர், சட்டையெல்லாம் புழுதியாக, நேராக என்னிடம் வந்து, "நீ சொன்னது நெசம் கண்ணு" என்றார்.

அப்புறம் நானும் நுழைந்து பார்த்தேன். தலையில் ஏதோ சுமை, இடுப்பில் ஒரு கை. ஒரு பொம்பளை. மற்றவர்களைப்போல யார் கையையும் கோத்துக்கொள்ளாமல் தனியாக நின்றுகொண்டிருந்தாள். இத்தனை நாள் ஏன் எனக்குக் காட்டவில்லை என்று கேட்டேன். "ஆருக்கும் காட்டோணும்னு தோணல அம்மணி" என்றார் அத்தை.

திங்கட்கிழமை பிரேயரில் எனக்குக் கைதட்டினார்கள். அப்புறம் கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். உண்ணிப் புதரை வெட்டிப் பாதை போட்டார்கள். வேலி வந்தது, ஆடு மாடு மேய்க்கக் கூடாது என்று போர்டு வந்தது. மேய்க்க இடமில்லாமல் அத்தை ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றார். மில்லில் ஷிப்டு வேலைக்குப் போனார். மற்ற நேரமெல்லாம் வீட்டில், அந்தப் பெருமூச்சுகளுக்கு நடுவில் இருந்தார். ஆடுகள் அவருக்குச் சலித்துவிட்டன என்று அப்போது நான் நினைத்துக்கொண்டேன்.

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்காததில் எனக்கு இன்றைக்கும் கர்வம்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமை எல்லோரும் இறங்கத் தொடங்கியபோது அத்தை மட்டும் பின்தங்கினார். எடுத்த கற்களை இடுக்கில் மறுபடி அடுக்கப் போனார். இரண்டு கல் வைத்தார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றுவிட்டு, அதைக் கீழே போட்டார்.

நான் ஓடிப்போய் அவர் சேலையைப் பிடித்து இழுத்தேன். "நாம ஜெயிச்சுப்போட்டோமுங்க அத்தை!" என்று குதித்தேன்.

"ஆமா கண்ணு" என்றார் அத்தை. "ஜெயிச்சுப்போட்டே."